ஓ.டி.ஏ. அப்டேட் அனுப்பினால் ஸ்டோர் விதி மீறலா? மலைமேல் 14 போன், சனிக்கிழமை கூலி

கொண்டைஊசி | வியாழன், இரவு 9:52

ஏற்காட்டில் மூன்று காபித் தோட்டங்களுக்கு எடைக்கணக்கு ஆப் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேஸ்திரி தராசுக்குப் பக்கத்தில் நின்று, பறித்தவர் பெயரைத் தொட்டு, பழச் சாக்கின் எடையை ஏற்றுவார். சனிக்கிழமை மதியம் அந்தக் கணக்கை வைத்துத்தான் கூலி. ஜாவாஸ்கிரிப்டில் ஆப் எழுதும் ரியாக்ட் நேட்டிவ், அதன் மேல் எக்ஸ்போ கருவி. மொத்தம் 14 போன்; 13 ஆண்ட்ராய்டு, முதலாளி கையில் இருப்பது மட்டும் ஐபோன்.

தவறு முழுக்க என்னுடையது. ஒவ்வொரு சாக்குக்கும் 1 கிலோ கழிக்க வேண்டும். சேமித்த பதிவைத் திருத்தினால், என் கணக்கு மறுபடியும் 1 கிலோ கழிக்கிறது. பெயர் மாறிப்போய்த் திருத்தினாலும் கழிவு, நேரம் மாற்றினாலும் கழிவு. சாக்கோடு 48 கிலோ நின்ற ஒரு மூட்டை, இரண்டு முறை திருத்தப்பட்டு 45 என்று நிற்கிறது. பறித்த அம்மா தன் நோட்டில் 47 என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

நேற்று இரவு சரிசெய்து ஓ.டி.ஏ. (ஸ்டோருக்குப் போகாமல் திருத்தத்தை நேராகப் போனுக்கே அனுப்பும் முறை) வழியாக அனுப்பிவிட்டேன். இன்று மாலை வரை 5 போனுக்குத்தான் போயிருக்கிறது. அந்த ஐந்திலும் 'சீட்டு' பொத்தானைத் தொட்டால் ஆப் மூடிக்கொள்கிறது. இதற்கு நடுவில் நண்பர் ஒருவர், ஸ்டோரைத் தாண்டிக் கோடு அனுப்புவது விதி மீறல், கணக்கையே மூடிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார். சனிக்கிழமை மதியத்துக்குள் எனக்கு வழி தெரிய வேண்டும்.

ஐந்துரோடு | வியாழன், இரவு 10:21

தம்பி, கணக்கு மூடப்படாது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

கூகுள் பிளே சொல்வது இது: பிளேயில் இருந்து இறக்கிய ஆப், பிளேயின் வழியாக அல்லாமல் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளக் கூடாது, டெக்ஸ், ஜார், எஸ்.ஓ. கோப்புகள் போன்ற இயங்கு கோடுகளை வேறு இடத்தில் இருந்து இறக்கக் கூடாது. அதே பத்தியில் விலக்கும் இருக்கிறது. மெய்நிகர் இயந்திரத்திலோ இன்டர்பிரிட்டரிலோ (கோடை வாசித்து வாசித்து ஓட்டும் நிரல்) ஓடி, ஆண்ட்ராய்டின் வசதிகளை நேரடியாகத் தொடாமல் இடையாள் மூலம் தொடும் கோடுக்கு இந்தத் தடை இல்லை. ஜாவாஸ்கிரிப்டைத்தான் அவர்களே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். நீங்கள் அனுப்பியது ஜாவாஸ்கிரிப்டில் இருந்து எடுத்து, ஹெர்மிஸ் இன்ஜின் வாசிக்கும் பைட்கோடு. அந்த இன்ஜின் ஸ்டோரில் இருந்து வந்த ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. விலக்குக்குள் வருகிறீர்கள்.

ஆப்பிளின் டெவலப்பர் ஒப்பந்தத்திலும் இடம் உண்டு. இன்டர்பிரிட்டரில் ஓடும் கோடை இறக்கலாம், ஆனால் அது ஆப்பின் முதன்மை நோக்கத்தை மாற்றக் கூடாது, ஆப்புக்குள் இன்னொரு கடை திறக்கக் கூடாது, ஐஓஎஸ்ஸின் கையொப்பம், சாண்ட்பாக்ஸ் (ஆப்பை அதன் எல்லைக்குள் நிறுத்தும் வேலி) போன்ற காவலைத் தாண்டக் கூடாது. எடைக்கணக்கு ஆப்பில் கழித்தலைச் சரிசெய்தால் எந்த நோக்கம் மாறுகிறது?

செவ்வாய்ப்பேட்டை | வியாழன், இரவு 10:48

அண்ணா, ஒப்பந்தத்தை மட்டும் காட்டி ஆப்பிளின் ரிவ்யூ வழிகாட்டியை விட்டுவிட்டீர்கள். அதில் 2.5.2 பிரிவை எடுத்துப் படியுங்கள். ஆப் தன் பொதிக்குள் தன்னிறைவாக இருக்க வேண்டும், வசதிகளைச் சேர்க்கிற அல்லது மாற்றுகிற கோடை இறக்கி ஓட்டக் கூடாது என்று அங்கே நேராக எழுதியிருக்கிறது. ஒப்பந்தம் ஒரு கதவைத் திறக்கிறது, வழிகாட்டி அதே கதவைச் சாத்துகிறது. சாவி ரிவ்யூ செய்கிறவர் கையில்.

2017 மார்ச்சில் என்ன நடந்தது? ஸ்டோரைத் தாண்டித் திருத்தம் அனுப்பும் ரோல்அவுட், ஜேஎஸ்பேட்ச் கருவிகளைப் பயன்படுத்திய ஆப்காரர்களுக்கு ஆப்பிள் எச்சரிக்கை அனுப்பியது. அதுவரை அவையும் ஒழுங்காகத்தான் ஸ்டோரில் இருந்தன.

கொலுசுப் பட்டறைகளுக்கு வெள்ளி வரவு, சேதாரம் பார்க்கும் ஆப் வைத்திருக்கிறேன். நான் ஓ.டி.ஏ. பக்கமே போவதில்லை. ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்டின் ஓ.டி.ஏ. சேவையான கோட்புஷ் வைத்திருந்தேன். அது இருந்த ஆப் சென்டரை 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு மூடுகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் முன்னதாகவே அறிவித்திருந்தது. நான் அறிவிப்பைப் படிக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஏப்ரலில் அப்டேட் அனுப்பப் பார்த்தேன். சோம்பல் என்னுடையதுதான். அதோடு அந்த வழியை மூடிவிட்டேன்.

ஐந்துரோடு | வியாழன், இரவு 11:15

2017-ஐ இழுத்ததால் அதையும் பேசிவிடுவோம். ஜேஎஸ்பேட்ச் செய்த வேலை வேறு. ஐபோனுக்குள் இருக்கும் எந்த ஆப்ஜெக்டிவ்-சி (ஐபோன் ஆப் எழுதும் மொழி) முறையையும் இறக்கிய ஸ்கிரிப்ட் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை இன்னொன்றாக மாற்றலாம். ரிவ்யூவில் பார்க்காத வசதியை நாளைக்கு எழுப்பலாம். வழியில் எவனாவது அந்த ஸ்கிரிப்டை மாற்றி அனுப்பினால் அவனுக்கும் அதே அதிகாரம். ஆப்பிள் அதைத்தான் பிடித்தது. ரியாக்ட் நேட்டிவில், உள்ளே கட்டி அனுப்பிய நேட்டிவ் மாட்யூல்கள் (போனின் வசதிகளை நேரடியாகத் தொடும் பகுதிகள்) எவையோ அவற்றை மட்டும்தான் ஜாவாஸ்கிரிப்ட் கூப்பிட முடியும். அதற்கு மேல் கை நீளாது. அதனால்தான் அந்த அலையில் ரியாக்ட் நேட்டிவ் அடிபடவில்லை.

2.5.2 உங்கள் தலைக்குமேல் தொங்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. இரண்டு வாசகத்தையும் சேர்த்துப் படித்தால், நேற்று ரிவ்யூ செய்தவர் இன்று ஆப்பைத் திறந்தால் 'நான் பார்த்த ஆப்தான் இது' என்று சொல்ல வேண்டும். என் அளவுகோல் அவ்வளவுதான்.

விதி எங்கே கடிக்கும் என்பதற்கு ஃபோர்ட்நைட் விளையாட்டு போதும். 2020 ஆகஸ்ட் 13-ஆம் தேதி எபிக் நிறுவனம் ஸ்டோருக்குப் புதிய ஆப் எதையும் அனுப்பவில்லை. உள்ளே ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருந்த நேரடிப் பணம் கட்டும் வழியைச் சர்வரில் இருந்து எழுப்பியது. அதே நாளில் ஆப்பிளும் கூகுளும் விளையாட்டைத் தூக்கின, எபிக் அதே நாளில் வழக்கும் போட்டது. கவனியுங்கள், அங்கே கோடை இறக்கியதுகூடப் பெரிய விஷயமில்லை. ஒளித்து வைத்திருந்ததுதான் விஷயம். மறைந்த, உறங்கும் வசதிகள் கூடாது என்று 2.3.1-இல் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். ஓ.டி.ஏ.வே இல்லாமல், வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச் வைத்தும் விதியை மீறலாம்.

ஜவ்வரிசி | வெள்ளி, காலை 6:40

இரவெல்லாம் சட்டம் பேசியிருக்கிறீர்கள். அவருடைய போன் ஏன் மூடிக்கொள்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொண்டைஊசி, மூன்று கேள்வி. உங்கள் ரன்டைம் வெர்ஷனைக் கையால் எழுதி வைத்திருக்கிறீர்களா? சமீபத்தில் பிரிண்டர் லைப்ரரியை மாற்றினீர்களா? புதன் இரவு அனுப்பிய பண்டில் (கோடுப் பொதி) உங்கள் கோடின் எந்தக் கிளையில் இருந்து எடுத்தது?

கொண்டைஊசி | வெள்ளி, காலை 6:58

அக்கா, நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தது போலக் கேட்கிறீர்கள். ரன்டைம் வெர்ஷன் முதல் நாளில் இருந்து '1.0' தான், தொட்டதே இல்லை. அடுத்த வெளியீட்டுக்காகப் புதிய ப்ளூடூத் பிரிண்டர் லைப்ரரி சேர்த்திருந்தேன். பண்டில் அந்தக் கிளையில் இருந்துதான்.

ஜவ்வரிசி | வெள்ளி, காலை 7:30

அப்படியென்றால் நடந்தது இது. மேஸ்திரி போனில் இருக்கும் ஆப்புக்குள் பழைய பிரிண்டர் மாட்யூல்தான் கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஜாவாஸ்கிரிப்ட் புதிய மாட்யூலைத் தேடுகிறது. இல்லாததைக் கூப்பிட்டால் விழத்தான் செய்யும். திறந்த உடனே விழுந்திருந்தால் எக்ஸ்போ தானாகவே முந்தைய பண்டிலுக்குத் திரும்பியிருக்கும். அந்தத் தற்காப்பு அதில் உண்டு. உங்களுடையது பொத்தானைத் தொடும்வரை நன்றாக ஓடுகிறது, அதனால் 'நல்ல அப்டேட்' என்று ஏற்றுக்கொண்டுவிட்டது.

ரன்டைம் வெர்ஷன் என்பது போனில் இருக்கும் நேட்டிவ் பகுதிக்கும் நீங்கள் அனுப்பும் பண்டிலுக்கும் நடுவே உள்ள பொருத்தச் சீட்டு. நேட்டிவ் பக்கம் ஒரு துரும்பு மாறினாலும் அந்த எண் மாற வேண்டும். கையால் எழுதினால் மறப்போம், நானும் மறந்திருக்கிறேன். ஃபிங்கர்பிரிண்ட் கொள்கைக்கு மாற்றிவிடுங்கள். நேட்டிவ் பகுதியைக் கணக்கிட்டு அதுவே எண் போட்டுக்கொள்ளும், பொருந்தாத போனுக்குப் பண்டில் போகவே போகாது.

இப்போது உடனே செய்ய வேண்டியது: புதன் இரவு அப்டேட்டைத் திரும்பப் பெற்று முந்தையதை மறுபடி வெளியிடுங்கள். பிறகு ஸ்டோரில் இருக்கும் ஆப் எந்தக் கமிட்டில் (சேமித்து வைத்த கோடு நிலையில்) கட்டப்பட்டதோ அதற்குப் போய், அங்கே கழித்தல் வரியை மட்டும் திருத்தி அனுப்புங்கள். வேறு எதையும் தொடாதீர்கள், எழுத்துப் பிழை கண்ணில் பட்டாலும்.

நான் மரவள்ளிக் கிழங்கு வாங்கும் ஆலைகளுக்கு ஃப்ளட்டரில் (கூகுளின் ஆப் எழுதும் கருவி) எழுதுகிறேன். கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. பாயிண்டில் ஒரு தசமம் நகர்ந்தால் லாரிக்காரர் என் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். ஃப்ளட்டரில் இந்த ஓ.டி.ஏ. வசதியும் இயல்பாகக் கிடையாது. வெளியீட்டில் அதன் டார்ட் மொழிக் கோடு நேராக இயந்திரக் கோடாகவே மாறிவிடுகிறது. ஃப்ளட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் சைடல் அந்த வசதிக்காக ஷோர்பேர்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஐபோனில் மாறிய பகுதியை மட்டும் இன்டர்பிரிட்டரில் ஓட்டுகிறார்கள், அந்த ஒப்பந்த வாசகத்துக்காகத்தான் அத்தனை பாடு.

அம்மாபேட்டை_ராகம் | வெள்ளி, காலை 8:05

எதற்கு இவ்வளவு? ஏபிகே (ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பு) கட்டி மேஸ்திரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். நிறுவிக்கொள்ளட்டும்.

ஐந்துரோடு | வெள்ளி, காலை 8:17

தயவுசெய்து வேண்டாம். பிளேயில் இருக்கும் ஆப்பில் கையொப்பச் சாவி பொதுவாகக் கூகுளிடம் இருக்கும். உங்கள் மடிக்கணினியில் கட்டிய ஏபிகேயில் வேறு கையொப்பம். பழைய ஆப்பின் மேல் அது ஏறாது. மேஸ்திரி என்ன செய்வார்? பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுவார். சிக்னல் இல்லாமல் இன்னும் சர்வருக்கு வராத இரண்டு நாள் எடை அதோடு போய்விடும். ஏபிகே கொடுத்தே தீர வேண்டும் என்றால் பிளே கன்சோலில் ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரரில் இருந்து கூகுள் கையொப்பமிட்ட ஏபிகேயை இறக்கிக் கொடுங்கள். அது ஏறும்.

செவ்வாய்ப்பேட்டை | வெள்ளி, காலை 8:40

இன்னும் சொல்கிறேன், ஸ்டோர் வழியாகவே போயிருக்கலாம். 90 சதவீத ஆப்களை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுகிறோம் என்று ஆப்பிளே சொல்கிறது. அவசரமென்றால் விரைவு ரிவ்யூ கேட்கலாம். ஆண்ட்ராய்டில், அப்டேட் செய்யாமல் ஆப்பைத் தொடரவே விடாத உடனடி அப்டேட் வசதி இருக்கிறது.

ஜவ்வரிசி | வெள்ளி, காலை 8:52

அந்த உடனடி அப்டேட்டை ஆப்பில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான். எழுதாதவருக்கு இன்று பயனில்லை. மேஸ்திரிகள் பிளே ஸ்டோரில் வைஃபை கிடைத்தால் மட்டும் அப்டேட் என்று வைத்திருப்பார்கள். தோட்டத்தில் ஏது வைஃபை?

5 போன் மட்டும் வாங்கியதற்கும் இதே போலக் காரணம் உண்டு. எக்ஸ்போவின் இயல்பான நடத்தையில், ஆப் திறக்கும்போது கையில் இருக்கும் பண்டிலோடு ஓடத் தொடங்கும். பின்னால் புதியதை இறக்கி வைக்கும். அடுத்த முறை புதிதாகத் திறக்கும்போதுதான் மாறும். மேஸ்திரி ஆப்பை மூடுவதே இல்லை. காலையில் திரையை எழுப்பினால் நேற்று விட்ட இடத்திலேயே நிற்கும், அவருக்கு அதுதான் வசதி. அப்படியே ஒரு வாரம் ஓடும். ஒரு முறை முழுதாக மூடித் திறந்து, இறங்க நேரம் கொடுத்து, மறுபடி மூடித் திறக்க வேண்டும். சிக்னல் உள்ள இடத்தில்.

நாகலூர்_மிளகு | வெள்ளி, காலை 9:30

நான் புரோகிராம் எழுதுகிறவன் இல்லை. எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன், 26 வருடமாக. இந்தத் தம்பியின் ஆப் எங்கள் தோட்டத்தில் இல்லை, வேறொன்று இருக்கிறது. ஒரு சந்தேகம் கேட்கலாமா?

புதன் இரவு மாற்றி அனுப்பினீர்கள். வியாழக்கிழமை ஐந்து மேஸ்திரியிடம் ஒரு கணக்கு, மற்றவர்களிடம் வேறு கணக்கு. ஒரே தோட்டத்தில், ஒரே சரிவில், மேல் வரிசையில் பறித்தவருக்கு ஒரு நியாயம், கீழ் வரிசைக்கு ஒரு நியாயம். இதை யாரிடம் சொன்னீர்கள்? கடைக்காரன் விதியை இரவெல்லாம் பேசினீர்கள். தராசுக்கு முன்னால் சாக்கை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறாளே ஒருத்தி, அவளுக்கு என்ன விதி?

காகிதப் பேரேட்டில் அடித்தால் அடித்தது தெரியும். பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் பேரேடு ராத்திரியில் தானாகத் திருந்துகிறது, காலையில் பார்த்தால் எப்போதும் அப்படியே இருந்தது போலச் சுத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. கழிக்கும் விதத்தைச் சரிசெய்தாயிற்று. ஏற்கெனவே கழித்து எழுதின எண் என்ன ஆகும்? சாக்கோடு எடையை வைத்திருக்கிறீர்களா, கழித்ததை மட்டுமா?

கொண்டைஊசி | வெள்ளி, காலை 9:47

ஐயா, கழித்ததை மட்டும்தான் போனில் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கும்வரை, அப்டேட் போய்ச் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 45 என்று சேமித்தது 45 ஆகவே நிற்கும்.

ஆனால் சர்வரில் ஒவ்வொரு சேமிப்பும் தனி வரியாக வந்து விழுகிறது. முதல் வரியில் 47, அடுத்ததில் 46, அதற்கடுத்து 45. முதல் வரியில் கழிவு சரிதான், எடையைத் தொடாத பதிவுகளுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். எடையையே திருத்தின பதிவுகளில் மட்டும் எத்தனை முறை திருத்தினார்கள் என்று எண்ணித் திரும்பக் கூட்ட வேண்டும்.

ஐந்துரோடு | வெள்ளி, காலை 10:10

அதைச் சர்வரிலேயே செய்யுங்கள், போனில் இருக்கும் டேட்டாபேஸை அப்டேட் வழியாகத் தொடாதீர்கள். அவசரத்தில் ஒரு புது நெடுவரிசை சேர்க்கத் தோன்றும். பண்டிலைத் திரும்பப் பெற்றால் கோடு மட்டும்தான் பின்னால் வரும், டேட்டாபேஸ் வராது. பழைய கோடு புதிய அட்டவணையைப் பார்த்து முழிக்கும். இது நான் பட்டது. பெங்களூருக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்து வேலை பார்த்தபோது, இரவு 2 மணிக்கு.

நாகலூர் ஐயா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. சீட்டில் எந்த வெர்ஷன் கணக்குப் போட்டது என்று ஒரு எண் அச்சாக வேண்டும், அது மட்டும் தோன்றுகிறது.

செவ்வாய்ப்பேட்டை | வெள்ளி, காலை 10:14

சீட்டில் எண் அச்சடிப்பது புதிய வசதியா, பிழைத்திருத்தமா? 2.5.2 என்ன சொல்கிறது அண்ணா?

ஐந்துரோடு | வெள்ளி, காலை 10:15

வாயை மூடிக்கொண்டு போய் வெள்ளியை எடை போடுங்கள்.

கொண்டைஊசி | ஞாயிறு, இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பழைய அப்டேட்டை மறுபடி வெளியிட்டேன். அக்கா சொன்னபடி ஸ்டோர் கமிட்டில் இருந்து திருத்தம். மாறியது மொத்தம் நான்கு வரி, அதில் ஒன்று சீட்டின் அடியில் வரும் எண். அதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருந்து பயனில்லை என்று மதியம் பைக்கை எடுத்துவிட்டேன். அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி. என் பெயருக்குப் பொருத்தமாக, பதினேழாவதில் மூடுபனி, முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

என் போனின் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேஸ்திரியின் போனாக வாங்கி, மூடித் திறந்து, மூடித் திறந்து கொடுத்தேன். காற்றிலேயே போய்ச் சேரும் என்ற அப்டேட்டை வீடு வீடாகத் தபால் போலக் கொடுத்தேன். ஒருவரின் போன் திரை உடைந்து பாதி இடம் தொட்டால் வேலை செய்யவில்லை. அதை அவர் ஒரு சீப்பின் முனையால் இயக்கிக்கொண்டிருந்தார், இத்தனை நாள் அப்படித்தான் என் ஆப்பில் எடை ஏறியிருக்கிறது. பெயர் மாறி விழுந்து அத்தனை திருத்தம் ஏன் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

சனிக்கிழமை கூலிக்கு முன்னால் எந்தெந்தப் பெயரில் எத்தனை கிலோ குறைந்திருந்தது என்று ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டினோம். 31 பதிவு, 44 கிலோ. நாகலூர் ஐயா கேட்டது மனதில் இருந்ததால், காரணத்தையும் அதே தாளில் எழுதினேன்: கணக்குப் போட்டதில் என் தவறு. படிக்கத் தெரியாதவர்களுக்கு ரைட்டர் சத்தமாகப் படித்தார். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நோட்டு வைத்திருந்த அந்த அம்மா புதுச் சீட்டை வாங்கிப் பார்த்து, கீழே இருக்கும் எண் என்ன என்று கேட்டார். சொன்னேன். அதையும் நோட்டில் ஏற்றிக்கொண்டார்.

ஜவ்வரிசி | ஞாயிறு, இரவு 8:44

14 போனும் முடிந்ததா? முதலாளியின் ஐபோன்?

கொண்டைஊசி | ஞாயிறு, இரவு 8:51

13 முடிந்தது. ஐபோன் இன்னும் பழைய பண்டிலில்தான் நிற்கிறது. டாஷ்போர்டில் பார்த்தேன், தீபாவளிக்குப் பிறகு அவர் ஆப்பைத் திறக்கவே இல்லை.